தியேட்டரை விட்டுவிடாதீர்கள்

கேள்வி: மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கள் ஊர்ப் பழைய தியேட்டரை வாடகைக்கு எடுத்து, ஃபிலிம் கிளப் சார்பில் அந்தக் காலத்து நாடகப் படங்களைப் போடுகிறோமுங்க. கூட்டம் சேருவதில்லை. 'எல்லாமே செல்போனில் கிடைக்குது, வாடகை எதுக்கு? மண்டபத்தில் திரை கட்டிப் போட்டுக்கலாம்' என்று உறுப்பினர்களே சொல்கிறார்கள். உங்கள் யோசனை என்னங்க?
- ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம் வட்டம்

பதில்: தியேட்டரை மட்டும் விட்டுவிடாதீர்கள். மற்ற எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள்.

'வேலைக்காரி' (1949), 'பராசக்தி' (1952), 'ரத்தக்கண்ணீர்' (1954) மூன்றும் மேடையில் நடந்த பிறகு படமானவை. அவற்றின் வசனம் கூட்டத்தைப் பார்த்துப் பேசப்பட்ட வசனம். எந்த வரிக்குக் கைதட்டல் விழும், சிரிப்பு அடங்க எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பதெல்லாம் எம்.ஆர்.ராதாவுக்கு மேடை சொல்லிக்கொடுத்த பாடம். அதைத் தனியாக உட்கார்ந்து செல்போனில் பார்ப்பவருக்கு இழுவையாகத்தான் தெரியும்; விரலால் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். அரங்கில் நூறு பேர் இருந்தால் அந்த இடைவெளியைச் சிரிப்பே நிரப்பிவிடும். செல்போனைக் காட்டும் உறுப்பினரிடம் கேளுங்கள்: எந்தப் பழைய படத்தை அதில் முதலிலிருந்து 'வணக்கம்' வரை பார்த்து முடித்தார்?

கூட்டம் வராததற்கு ரசனையைக் குறை சொல்வதற்கு முன் நாள்காட்டியைப் பாருங்கள். நம் பக்கம் ஞாயிறோடு முகூர்த்தமும் சேர்ந்துவிட்டால் ஒரே வீட்டுக்கு மூன்று விசேஷம் இருக்கும். அன்று காலை பத்து மணிக்கு யார் படத்துக்கு வருவார்கள்? ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. அந்த ஞாயிறுகளை முதலில் பிடியுங்கள்.

படத்தை எங்கிருந்து எடுத்துப் போடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இணையத்தில் இறக்கிய பிரதி என்றால் உடனே நிறுத்துங்கள். மூலையில் டிவி சேனலின் முத்திரையும், முகமெல்லாம் திட்டுத்திட்டாகவும் தெரிகிற படத்தைப் பெரிய திரையில் காட்டுவது அந்தக் கலைஞர்களுக்குச் செய்யும் அநியாயம். உரிமை வைத்திருப்பவரிடம் கடிதம் போட்டு அனுமதியும் நல்ல பிரதியும் கேளுங்கள். ஆபரேட்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: அந்தப் படங்களின் சட்டம், அதாவது திரையில் விழும் படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள கணக்கு, நாலுக்கு மூன்று. இன்றைய அகலத் திரைக்காக இழுத்தால் ஆள் குட்டையாகிவிடுவார். வெட்டினால் தலை போய்விடும். இரண்டு பக்கமும் கறுப்பாக விட்டுவிடுவதுதான் சரி.

இனி முக்கியமான விஷயம். கொங்கு நாட்டில் ஃபிலிம் கிளப் நடத்துகிற நீங்கள் 'மலைக்கள்ளன்' (1954) போட்டாயிற்றா? கதை நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளையுடையது. எடுத்தது கோவை பட்சிராஜா ஸ்டுடியோவின் ஸ்ரீராமுலு நாயுடு. குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் வாங்கிய தமிழ்ப் படம். இந்தியில் திலீப்குமாரை வைத்து 'ஆசாத்' என்று இதே கதையை எடுத்தவரும் அவரேதான். எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த 'ராஜகுமாரி' (1947) கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் உருவானது. இதற்கெல்லாம் முன்பே, 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டர் வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட், கோவையில் வெரைட்டி ஹால் என்ற தியேட்டரைக் கட்டினார். இந்த மண்ணில் பிறந்த படங்களை இந்த மண்ணின் தியேட்டரிலேயே பார்க்க முடியவில்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு வருடத்துக்கு இவற்றை மட்டுமே போடுங்கள். சுவரொட்டியில் 'கோவையில் எடுத்த படம்' என்று பெரிதாக அச்சடியுங்கள்.

பொன்னாடை, சிறப்பு விருந்தினர், வரவேற்புரை எதுவும் படத்துக்கு முன்னால் வேண்டாம். விளக்கை அணைத்துப் படத்தைத் தொடங்குங்கள். பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். பேச அழைக்க வேண்டியவர்கள் இந்தப் படங்களை முதல் ஓட்டத்தில் பார்த்த அப்பாருகளும் அம்மாயிகளும்தான். எண்பதைத் தாண்டியிருப்பார்கள், தனியாக வர முடியாது. உங்களில் கார் வைத்திருப்பவர்கள் வீட்டுக்கே போய் அவர்களைக் கூட்டி வாருங்கள். படி ஏற வேண்டாத வரிசையில் இடம் போட்டுக்கொடுங்கள். பேரன் பேத்திகள் கூடவே வருவார்கள்.