ஈறில் ரத்தம் வருகிறது, ஸ்கேலிங் செய்தால் பல் ஆட்டம் கண்டுவிடுமா?

கேள்வி கேட்டவர் சிங்கப்பூரில் உட்லண்ட்ஸில் இருக்கிறார், வயது 36. இரண்டு மாதமாகப் பல் துலக்கும்போது எச்சிலோடு ரத்தம் வருகிறது. பயந்துபோய் அந்தப் பக்கம் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்கிறார். ஸ்கேலிங், அதாவது பல்லில் கல்லாகப் படிந்ததைக் கருவியால் எடுத்துச் சுத்தம் செய்வது, செய்துகொள்ளலாம் என்றால் ஊரில் இருக்கும் அம்மா, "அதைச் செய்தால் பல்லுக்குப் பல் சந்து விழும், அப்புறம் ஒவ்வொன்றாக ஆடும்" என்று தடுக்கிறார். ஆறு வயது மகனின் கடைவாய்ப் பல்லில் கறுப்புக் கோடு தெரிகிறது, பால் பல்தானே என்று விட்டுவிடலாமா என்பது இரண்டாவது கேள்வி.

ஸ்கேலிங் செய்யுங்கள். தள்ளிப்போடவே போடாதீர்கள். மகனையும் கூடவே அழைத்துப்போங்கள்.

நான் பல் மருத்துவர் இல்லை. அக்கம்பக்கத்துப் பல் மருந்தகம் ஒன்றில் 14 வருடமாக உதவியாளராக இருக்கிறேன். மருத்துவர் வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டிருப்பது என் வேலை. ஸ்கேலிங்கில் வாயிலிருந்து என்ன வெளியே வருகிறது என்பதைத் தினமும் ஒரு முழ தூரத்தில் பார்க்கிறேன். அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

உங்கள் நாக்கு நுனியைக் கீழ் முன்பற்களின் உள்பக்கம் வைத்து மெதுவாகத் தடவிப் பாருங்கள். வெளிப்பக்கம் வழுவழுவென்று இருக்கும். உள்பக்கம், ஈறை ஒட்டிய இடத்தில், சொரசொரவென்று ஒரு திட்டு மாதிரி தட்டுப்பட்டால் அதுதான் பற்காரை. பல்லின் மேல் கிருமிகள் சேர்ந்து ஒரு மெல்லிய படலமாகப் படியும். அன்றன்றைக்குத் துலக்கி எடுத்துவிட்டால் போய்விடும். விட்டுவிட்டால் எச்சிலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து அதில் இறங்கிக் கல்லாகிவிடும். ஊரில் போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்புப் படியுமே, அப்படித்தான். நாக்குக்கு அடியில் எச்சில் சுரக்கும் வாய் இருப்பதால் கீழ் முன்பற்களின் உள்பக்கத்தில்தான் அது அதிகம் படிகிறது. கல்லான பிறகு எந்த பிரஷாலும் எடுக்க முடியாது.

இப்போது அம்மா சொல்லும் சந்துக்கு வருகிறேன். காரை இரண்டு பல்லுக்கு நடுவில் இருக்கும் இடத்தை அடைத்துக்கொண்டு வளரும். அதன் உறுத்தலில் ஈறும் வீங்கிப் பஞ்சு மாதிரி ஆகும். ஸ்கேலிங்கில் காரை போய்விடுகிறது, ஒன்றிரண்டு வாரத்தில் ஈறின் வீக்கமும் வடிந்துவிடுகிறது. இத்தனை நாளாக அடைபட்டுக் கிடந்த இடம் கண்ணுக்குத் தெரிகிறது. சில நாள் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும். இதைப் பார்த்துத்தான் "பல்லைச் சுரண்டிவிட்டார்கள்" என்கிறார்கள். அந்தக் கருவியின் முனை வேகமாக அதிர்ந்து, தண்ணீரைப் பீய்ச்சிக் காரையை உடைத்து உதிர்க்கிறது. அரம் போட்டுப் பல்லைத் தேய்க்கிற வேலை அங்கே நடப்பதில்லை.

ஆட்டம்? ஏற்கெனவே எலும்பு கரைந்து ஆடிக்கொண்டிருக்கும் பல்லைச் சில சமயம் காரைதான் பக்கத்துப் பல்லோடு சேர்த்துப் பிடித்துவைத்திருக்கும். அதை எடுத்ததும் ஆட்டம் தெரியவரும். ஆட வைத்தது அத்தனை வருடக் காரை, பழி மட்டும் ஸ்கேலிங் மேல் விழுகிறது.

இந்தப் பயம் எங்கள் வீட்டிலேயே இருந்தது. என் அப்பா செம்பவாங்கில் கப்பல் பட்டறை வெல்டர். மகள் பல் மருந்தகத்தில் வேலை பார்த்தும், ஒன்பது வருடம் அந்த நாற்காலியில் அவர் ஏறவில்லை. கூட வேலை பார்த்த ஒருவருக்கு ஸ்கேலிங் செய்து மூன்றே மாதத்தில் பல் விழுந்துவிட்டதாம். அந்தப் பல் அதற்கு முன்பே ஆடிக்கொண்டிருந்ததா என்று கேட்டால் பதில் வராது. ஒரு தீபாவளிக்கு முறுக்கைக் கடிக்க முடியாமல் காப்பியில் ஊறவைத்து அவர் சாப்பிடுவதைப் பார்த்தேன். அடுத்த வாரமே கையைப் பிடித்து அழைத்துப்போய்விட்டேன்.

ஈறைச் சோதிக்க, மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்று உண்டு. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் அதை மெதுவாக விட்டு, எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடத்தில் அளந்து மருத்துவர் எண்களைச் சொல்லிக்கொண்டே போவார், நான் பதிந்துகொள்வேன். ஒன்று முதல் மூன்று வரை என்றால் ஈறு நன்றாக இருக்கிறது. நான்கிலிருந்து கவலை. "த்ரீ, டூ, த்ரீ" என்று கேட்டுப் பழகிய காது என்னுடையது. அப்பாவின் கீழ் முன்பற்களுக்கு "சிக்ஸ், செவன், செவன்" என்று வந்தது. கம்பியை எடுத்த இடைவெளியில் அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "என்னம்மா, ஃபோர் டி லாட்டரி நம்பர் மாதிரி சொல்லிக்கிட்டே போறாங்க?" என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. ஏழு மில்லிமீட்டர் என்றால் வேரைப் பிடித்திருக்கும் எலும்பு நிறையவே போய்விட்டது என்று எனக்குத் தெரியும். கரைந்த எலும்பு தானாகத் திரும்பி வளராது.

இரண்டு பல்லை எடுக்க வேண்டியதாயிற்று. மற்றவற்றை, மரத்துப்போக ஊசி போட்டு ஈறுக்கு அடியில் வேர் வரைக்கும் சுத்தம் செய்து, நான்கு தடவையாகக் காப்பாற்றினார்கள். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வருகிறார். நான் இன்னும் கொஞ்சம் பிடிவாதம் பிடித்திருந்தால் அந்த இரண்டும் இருந்திருக்கும் என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

அவருக்கு நீரிழிவு உண்டு. சிங்கப்பூர் இந்தியர்களில் நிறையப் பேருக்கு உண்டு. 2016இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போர் என்றே அறிவித்தது. சர்க்கரை கூடினால் ஈறு நோய் முற்றும், ஈறு நோய் முற்றினால் சர்க்கரை அடங்காது. இரண்டும் ஒன்றையொன்று வளர்த்துவிடும். உங்களுக்கு 36 வயது, இன்னும் சோதித்ததில்லை என்றால் அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அப்புறம் இன்னொன்று: ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் முன்பே சொல்ல வேண்டும், தாங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

ரத்தம் வருகிற இடத்தை விட்டுவிட்டுத் துலக்குகிறீர்களே, அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். அழுக்கு அங்கேதான் இருக்கிறது, அதனால்தான் ரத்தம். மென்மையான பிரஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்த்துவைத்து, அழுத்தாமல் சின்னச் சின்ன வட்டமாக, மொத்தம் இரண்டு நிமிடம். இரவு படுக்கப்போகும் முன் ஒருமுறை கட்டாயம், ஏனென்றால் தூக்கத்தில் எச்சில் குறைந்துவிடும். பல் இடுக்கில் பிரஷ் போகாது, அதற்கு ஃபிளாஸ் நூல் வேண்டும். முதல் சில நாள் ரத்தம் கூடத்தான் செய்யும். வெறும் ஈறு வீக்கம் மட்டும் என்றால் ஒன்றிரண்டு வாரத்தில் நின்றுவிடும். நின்றாலும் ஸ்கேலிங்குக்குப் போங்கள், காரை அங்கேயேதான் இருக்கும்.

துலக்கி முடித்ததும் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். பேஸ்ட்டில் உள்ள ஃபுளோரைடு கொஞ்ச நேரம் பல்லில் இருந்தால்தான் அதற்குப் பலன். இதைச் சொன்னதும் நம் ஆட்கள் முகம் மாறும். தருமபுரிப் பக்கம் ஃபுளோரைடால் பல் காவி ஏறிப்போனதைப் பார்த்தவர்கள், கேட்டவர்கள் நிறையப் பேர். அந்தப் பயம் நியாயமானது. அங்கே நிலத்தடி நீரில் அளவுக்கு மீறி இருக்கிறது, அதைப் பல் உருவாகும் வயதிலிருந்தே வருடக்கணக்கில் குடிக்கிறார்கள். இங்கே குழாய்த் தண்ணீரில் 1950களிலிருந்து அளந்து, மிகக் குறைந்த அளவில் சேர்க்கிறார்கள். வேப்பங்குச்சி, கரித்தூள் என்று வீட்டில் பழக்கம் இருந்தால் ஒன்றுதான் சொல்வேன்: குச்சி அழுக்கை எடுக்கும், சொத்தையைத் தடுக்கும் ஃபுளோரைடு அதில் இல்லை. கரித்தூள் பல்லையே தேய்த்துவிடும்.

சொத்தைக்கு, எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பெரிய கணக்கு. இனிப்புப் பால் தேநீரான தே தாரிக்கை ஒரு கிளாஸ் பத்து நிமிடத்தில் குடித்து முடிப்பவரைவிட, மேசையில் வைத்துக் காலையிலிருந்து மதியம்வரை ஒவ்வொரு வாயாக உறிஞ்சுபவர் பல்தான் சீக்கிரம் போகும். ஒவ்வொரு வாய்க்கும் பல்லின் மேல் உள்ள கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்கும், அது அடங்க அரை மணி நேரம்போல ஆகும். காப்பிக் கடையில் "தே ஓ கோசோங்" என்று, பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீராகக் கேட்டுப் பழகிக்கொண்டால் நல்லது. முதல் வாரம் கசக்கும்.

சரி, மகன். கண்ணாடி முன் நிற்க வைத்து, முன் நடுக்கோட்டிலிருந்து பின்னால் ஒவ்வொன்றாக எண்ணுங்கள். ஒரு பக்கத்தில் பால் பல் ஐந்துதான். கறுப்புக் கோடு ஆறாவதில் இருந்தால் அது பால் பல் இல்லை, வாழ்நாள் முழுக்க இருக்க வேண்டிய நிரந்தரப் பல். ஆறு வயதில் அது எந்தப் பல்லும் விழாமல், எல்லாவற்றுக்கும் பின்னால் சத்தமில்லாமல் முளைத்துவிடும். பெற்றோர் பாதிப் பேருக்கு வந்ததே தெரியாது. "விழுந்து முளைக்கும்" என்று காத்திருந்து அந்தப் பல் போய், எட்டு வயதில் எடுக்க வந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த நாற்காலி பக்கத்தில் நிற்பது கஷ்டமான வேலை. ஐந்தாவதில் இருந்தாலும் அலட்சியம் வேண்டாம், அந்தப் பால் பல் பத்து, பன்னிரண்டு வயதுவரை இருக்க வேண்டியது. ஆழமான பள்ளங்களை முன்கூட்டியே அடைத்துவிடும் பூச்சு இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். தொடக்கநிலை ஒன்றுக்குப் போனதும் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் பள்ளிப் பல் மருந்தகத்திலோ நடமாடும் மருந்தகப் பேருந்திலோ பார்ப்பார்கள். ஒப்புதல் படிவம் வந்தால் பையிலேயே கிடக்க விடாமல் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள். ஆனால் இந்தக் கறுப்புக் கோட்டுக்கு அதுவரை காத்திருக்காதீர்கள்.

செலவு விஷயம். குடிமக்களுக்கு மருத்துவச் செலவில் அரசு கழிவு தரும் நீல, ஆரஞ்சு நிற சாஸ் (CHAS) அட்டை இருந்தால், அல்லது மூத்தோருக்கான முன்னோடித் தலைமுறை, மெர்டேக்கா தலைமுறைச் சலுகை இருந்தால், சாஸ் திட்டத்தில் உள்ள தனியார் பல் மருந்தகங்களிலும் அட்டையையும் சிகிச்சையையும் பொறுத்துக் கழிவு கிடைக்கும். அரசின் பலதுறை மருந்தகங்கள் (பாலிகிளினிக்) சிலவற்றில் பல் பிரிவு உண்டு, கட்டணம் குறைவு, ஆனால் காத்திருக்க வேண்டிவரும். சம்பளத்திலிருந்து மருத்துவச் செலவுக்கென்று சேரும் மெடிசேவ் பணத்தை உங்கள் வயதில் அறுவை சிகிச்சைக்குத்தான் பயன்படுத்தலாம். ஞானப்பல்லை ஈறைக் கீறி எடுப்பது, இம்பிளாண்ட் பொருத்துவது மாதிரி. ஸ்கேலிங்குக்கோ சாதாரணமாகச் சொத்தை அடைப்பதற்கோ எடுக்க முடியாது. வேலை அனுமதியில் இருந்தால் கம்பெனிக் காப்பீட்டில் பல் செலவுக்கென்று தனித் தொகை இருக்கிறதா என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள். பல இடங்களில் வருடம் முடிந்தால் அது காலாவதியாகிவிடும், டிசம்பரில் எங்கள் மருந்தகத்தில் உட்கார இடம் இருக்காது. எங்கே போனாலும் நாற்காலியில் சாய்வதற்கு முன் எவ்வளவு ஆகும் என்று கேட்கலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

தொலைபேசியில் நேரம் வாங்கும்போது "ஸ்கேலிங்" என்று மட்டும் சொல்லாமல் "இரண்டு மாதமாக ஈறில் ரத்தம் வருகிறது, ஈறை அளந்தும் பார்க்க வேண்டும்" என்று சொல்லுங்கள். அதற்குத் தகுந்த நேரம் ஒதுக்குவார்கள். அதற்குள் தாடை வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ சிரமமாக இருந்தாலோ, பல் மருந்தகத்துக்குக் காத்திராமல் நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

அம்மா அடுத்த முறை அழைக்கும்போது, கீழ் முன்பற்களின் உள்பக்கத்தை அவரையும் நாக்கால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். சொரசொரவென்று இருக்கிறது என்றாரானால், ஏதாவது ஒரு பல் லேசாக ஆடுகிறதா என்றும் கேளுங்கள்.