‘க்னைஃப்’ என்று வாசிக்கிறாளா? நல்லதுதான்!

கேள்வி: என் மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். தமிழ் நன்றாக வாசிக்கிறாள். ஆங்கிலத்தில் நைஃப் என்பதை ‘க்னைஃப்’ என்றும், வாக் என்பதை ‘வால்க்’ என்றும் எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள். சைலண்ட் லெட்டர் (எழுதினாலும் ஒலிக்காத எழுத்து) உள்ள சொற்கள் நிறைந்த ஒரு தாளைப் பள்ளியில் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
– ஒரு தாய், திருச்சி

பதில்: ‘க்னைஃப்’ என்று வாசிக்கும் குழந்தைக்கு வாசிக்கத் தெரிகிறது. ஒவ்வொரு எழுத்தையும் பார்த்து, ஒலியைக் கூட்டித்தான் அப்படிச் சொல்கிறாள். படத்தையோ முதல் எழுத்தையோ பார்த்துவிட்டுக் குத்துமதிப்பாகச் சொல்லும் பிள்ளைகளைவிட இவள் ஒரு படி மேல். தமிழில் ககரமும் டகரமும் இடத்துக்கு இடம் ஒலி மாறும். ஆனால் எழுதிவிட்டு வாசிக்காமல் விடுகிற எழுத்து கிடையாது. அதே பழக்கத்தோடு ஆங்கிலத்துக்கு வருகிறாள். ஆகவே “தப்பு” என்று வெட்டாதீர்கள். “எழுத்தெல்லாம் சரியாப் பார்த்துட்டே கண்ணு. இங்க கே பேசாது. நைஃப்னு சொல்லணும்” என்றால் போதும்.

அந்தத் தாளைக் கொஞ்ச நாள் அலமாரியில் வையுங்கள். லேம் (ஆட்டுக்குட்டி), டவுட், ஐலண்ட், சைக்காலஜி எல்லாம் ஒரே பக்கத்தில் கிடந்தால் குழந்தைக்கு எந்த ஒழுங்கும் கண்ணில் படாது. ஆறு வயதில் சைக்காலஜிக்கு அப்படி என்ன அவசரம்?

முதலில் கடைசி எழுத்தாக வரும் ஆங்கில ‘இ’யைப் பிடியுங்கள். ஒரு அட்டையில் ‘கிட்’ என்று மூன்று ஆங்கில எழுத்துகளை எழுதுங்கள். சின்ன அட்டை ஒன்றில் ‘இ’ மட்டும். அதைக் கடைசியில் வைத்தால் கைட், எடுத்தால் கிட். அதேபோல் பின்–பைன், டப்–ட்யூப், நாட்–நோட். வைப்பதும் எடுப்பதும் அவள் கையாலேயே நடக்கட்டும். அந்த ‘இ’ வாய் திறக்காவிட்டாலும் சும்மா இருக்கவில்லை, முன்னால் இருக்கும் உயிரெழுத்தைத் தன் பெயரைச் சொல்ல வைக்கிறது என்பது சீக்கிரமே பிடிபடும். ஹேவ், கிவ், கம் போன்றவை இதற்கு அடங்காது. கதையில் வரும்போது அப்படியே பழகிக்கொள்ளட்டும்.

அடுத்தது ஜோடி எழுத்துகள். கே, என் இரண்டும் சொல்லின் தொடக்கத்தில் சேர்ந்து வந்தால் ‘ந்’ என்ற ஒரே ஒலி. இரண்டுக்கும் அடியில் சேர்த்து ஒரே கோடு போடுங்கள்: நீ (முழங்கால்), நைஃப், நாக் (தட்டு), நோ (தெரிந்துகொள்). அது படிந்த பிறகு ரைட் (எழுது), ராங், ரிஸ்ட் முதலியவற்றில் வரும் டபிள்யூ, ஆர். பிறகு லேம், தம், கிளைம் ஆகியவற்றின் கடைசி எம், பி. வாக், டாக், சாக் மூன்றையும் ஒன்றாகக் கொடுத்தால் ‘வால்க்’ தானே சரியாகும். வாரம் ஒரு வகை, தினம் பத்து நிமிடம், மூன்று நான்கு சொற்கள். அதற்கு மேல் வேண்டாம்.

“பேசாத எழுத்தை ஏம்மா எழுதணும்?” என்று கேட்பாள். நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் அது பேசிய எழுத்து என்று சொல்லுங்கள். ஏறக்குறைய 17ஆம் நூற்றாண்டு வரை ஆங்கிலேயர்களும் அந்தக் கே-யை உச்சரித்தார்கள். முழங்காலை ஜெர்மன்காரர்கள் இன்றும் ‘க்னீ’ என்றுதான் சொல்கிறார்கள். 1476இல் வில்லியம் கேக்ஸ்டன் என்பவர் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தை வைத்தார். அச்சு பரவப் பரவ எழுத்து ஒரு வடிவில் நிலைத்தது. பேச்சு நிற்காமல் மாறிக்கொண்டே போனது. டவுட், டெட் (கடன்) ஆகியவற்றில் உள்ள பி கதை வேறு. லத்தீன் மூலச் சொல்லில் பி இருந்ததே என்று படித்தவர்கள் பின்னால் நுழைத்தது அது.

எட்டு, ஒன்பது வயதில் இன்னொரு வழி திறக்கும். சைன் என்பதில் பேசாத ஜி, சிக்னலில் பேசும். மஸில் என்பதில் பேசாத சி, மஸ்குலரில் பேசும்.

ஸ்பெல்லிங்கை இதோடு சேர்த்துக் குழப்பாதீர்கள். வாசிப்பு முதலில், எழுதுவது பிறகு. டிக்டேஷன் வரும்போது அவளுடைய பழைய ‘க்னைஃப்’ கைகொடுக்கும். வாய் நைஃப் என்று சொல்லட்டும், எழுதும்போது மனசுக்குள் ‘க்னைஃப்’ என்று சொல்லிக்கொள்ளட்டும். கே விட்டுப்போகாது. புதன்கிழமைக்கு ‘வெட்-நெஸ்-டே’ என்று மூன்றாக உடைத்துச் சொல்வதும் இதே வழிதான். ஆங்கிலேயப் பிள்ளைகளே அப்படித்தான் எழுதப் பழகுகிறார்கள்.

உங்கள் உச்சரிப்பையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ரிசீட்டை ‘ரிசிப்ட்’ என்றும், சீப்பை ‘கோம்ப்’ என்றும் சொல்லும் வீடுகள் நிறைய. சந்தேகம் வந்தால் அகராதிச் செயலியில் ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டுக் கேளுங்கள். பிளம்பரை மட்டும் விட்டுவிடலாம். அகராதிப்படி ‘பிளம்மர்’ என்று கூப்பிட்டால் நம் ஊரில் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்!

இரண்டாம் வகுப்பு முடியும்போதும் கேட், பின், சன் போன்ற எளிய சொற்களிலேயே அவள் திணறினால் அது சைலண்ட் லெட்டர் பிரச்சினை அல்ல. முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். பிறகு பள்ளியில் பேசி, சிறப்பாசிரியர் ஒருவரிடம் காட்டுங்கள்.