ஹிக்கின்பாதம் என்பது பட்டப்பெயரா?

கேள்வி: சென்னை அண்ணா சாலை ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடையின் பெயரில் இருப்பது உடம்பின் பின்புறத்தைக் குறிக்கும் 'பாட்டம்'தான் என்கிறான் என் நண்பன். ஹிக்கின் என்ற ஆளைக் கேலி செய்து ஊரார் வைத்த பட்டப்பெயராம். அப்படியானால் அதையே கடைக்கு வைக்க அவருக்குக் கூச்சமாக இருந்திருக்காதா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: உங்கள் நண்பர் சொன்னதில் 'பாட்டம்' என்ற சொல் மட்டும் சரி. மற்றதெல்லாம் தவறு.

பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு அடிநிலம், பள்ளத்தாக்கின் தரை என்று பொருள். பின்புறம் என்ற பொருள் அதில் ஏறியது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில். இங்கிலாந்தில் பரம்பரைக் குடும்பப் பெயர்களோ பெரும்பாலும் 1400க்குள் நிலைத்துவிட்டன. பல நூற்றாண்டுகள் கழித்து வரப்போகிற பொருளை வைத்து எந்த ஊராராலும் யாரையும் கேலி செய்திருக்க முடியாது.

அப்புறம், ஹிக்கின் என்று ஓர் ஆளே இந்தப் பெயரில் இல்லை. ரிச்சர்ட் என்பதன் செல்லப்பெயர்களில் ஒன்றிலிருந்து ஹிக்கின்ஸ் என்று ஒரு பெயர் வந்தது உண்மை. ஆனால் அது வேறு குடும்பம். ஹிக்கின்பாதம் ஓர் ஊர்ப்பெயர். லங்காஷயரில் போல்டனுக்குப் பக்கத்தில் ஓக்கன்பாட்டம் என்று ஓர் இடம் உண்டு. ஓக் மரங்கள் நின்ற பள்ளத்தாக்கு என்பதே அறிஞர்கள் தரும் விளக்கம். அந்த வட்டார மக்கள் ரோவன் மரத்தை 'ஹிக்கின்' என்பார்கள். அந்தச் சொல்லின் சாயல் படிந்து முன்பாதி மாறியிருக்க வேண்டும் என்கிறார்கள். மரமும் நிலமும் சேர்ந்த பெயர். இதில் கூசுவதற்கு என்ன இருக்கிறது?

எழுத்து ஏன் இப்படி மாறியது என்று கேட்பீர்கள். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஒவ்வொரு தேவாலயமும் பதிய வேண்டும் என்று 1538இல் ஆணை வந்தது. எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். அதனால் ஒரே பெயர் சில ஏடுகளில் 'பாட்டம்' என்றும் சிலவற்றில் 'பாதம்' என்றும் பதிவானது. பர்மிங்ஹாம், நாட்டிங்ஹாம் ஊர்களின் கடைசியில் உள்ள அதே 'ham' என்ற ஆங்கில எழுத்துகள் இதிலும் (Higginbotham) வருவதால் பலர் குழம்புகிறார்கள். அங்கே அவை குடியிருப்பைக் குறிக்கும். இங்கே வெறும் எழுத்துப் பழக்கம்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இந்தப் பெயர் வரிசை பழக்கமானதுதான். இயான் போத்தம் பெயரில் இருப்பது இதே பள்ளத்தாக்கு. 2010இல் இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியின் ரையன் சைட்பாட்டமும் அப்படியே. அவர் பெயருக்கு அகன்ற பள்ளத்தாக்கு என்று பொருள்.

சரி, கூச்சத்துக்கு வருவோம். ஏபல் ஜோஷுவா ஹிக்கின்பாதம் 1844இல் தன் பெயரில் கடை தொடங்கினார். அதே பெயரோடுதான் 1888இலும் 1889இலும் மெட்ராஸ் ஷெரீஃபாக இருந்தார். இதை உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்.