வழுக்கி விழுந்ததற்கே இடுப்புக் கிண்ணம் உடையுமா?

உடையும். தொடை எலும்பின் பந்து முனை பொருந்தியிருக்கும் குழிதான் இடுப்புக் கிண்ணம். வண்டி விபத்தில்தானே இந்த முறிவு வரும், 74 வயது அப்பா குளியலறையில் பக்கவாட்டில் விழுந்ததற்கா என்று கேட்கிறீர்கள். இளைஞர்களுக்குத்தான் அந்தக் கணக்கு. வயதானவர்களுக்கு நின்ற இடத்தில் விழுந்தாலே போதும். தொடை எலும்புக் கழுத்து முறிவு பெண்களிடம் அதிகம், இது ஆண்களிடம்.

பெரும்பாலும் எலும்பு அடர்த்தி குறைந்திருக்கும். விழும் வேகத்தில் தொடை எலும்பின் பந்து முனை, மெலிந்த கிண்ணத்தை உள்பக்கமாக இடித்துவிடுகிறது.

எக்ஸ்ரே மட்டும் எடுத்திருந்தால் சி.டி. ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். எலும்பு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பது அதில்தான் தெளிவாகத் தெரியும். அப்புறம் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் பற்றியும் கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், உள்ளே ரத்தம் கசியலாம்.

டாக்டர் சொல்லும்வரை காலை ஊன்ற விடாதீர்கள். அதற்காகப் படுக்கையிலேயே கிடத்தினால் ரத்தக்கட்டு, நிமோனியா என்று வேறு தொல்லை வரும்.