ஸ்பானிஷில் ‘வந்திருப்பேன்’, ‘சாப்பிட்டிருப்பேன்’ என்று சொல்லும் கண்டிஷனல் பெர்ஃபெக்ட்டை எப்படி அமைப்பது? அட்டவணை மண்டையில் ஏறவில்லை.

உங்கள் கையிலும் யாரோ கட்டம் கட்டமாக அட்டவணை போட்ட தாளைத் திணித்திருப்பார்கள். அதை ஓரமாக வையுங்கள். இங்கே ஆளுக்கேற்ப மாறுவது முன்னால் நிற்கும் ‘அபேர்’ என்ற துணைவினை மட்டும்தான். நான் என்றால் அப்ரீயா, நீ அப்ரீயாஸ், அவன்/அவள் அப்ரீயா, நாம் அப்ரீயாமோஸ், நீங்கள் (பலர்) அப்ரீயாயிஸ், அவர்கள் அப்ரீயான். எழுதும்போது ஆறிலும் அந்த ‘ஈ’யின் தலையில் கோடு உண்டு, விட்டுவிடாதீர்கள்.

பின்னால் பார்ட்டிசிபிள், அதாவது வினையின் ‘முடிந்த’ வடிவம். ‘ஆர்’ என்று முடியும் வினைக்கு ஆதோ, ‘ஏர்’, ‘ஈர்’ இரண்டுக்கும் ஈதோ: அப்ளாதோ (பேசு), கொமீதோ (சாப்பிடு), பிபீதோ (வாழ்). பெண் பேசினாலும் பத்துப் பேர் பேசினாலும் இது மாறாது. ‘அதை வாங்கியிருப்பேன்’ என்றால் லோ அப்ரீயா கொம்ப்ராதோ; ‘லோ’ நடுவில் நுழையாது. மெக்சிகோ, கொலம்பியா ஆட்களோடு பேசத்தான் படிக்கிறீர்கள் என்றால் அப்ரீயாயிஸை மறந்துவிடலாம், அது ஸ்பெயின் சரக்கு. மெக்சிகோ புத்தகத்தில் ‘அந்தேபோஸ்ப்ரெத்தேரித்தோ’ என்று பார்த்தால் மிரள வேண்டாம். ஆந்த்ரேஸ் பெல்லோ என்ற இலக்கண அறிஞர் 1847 இலக்கணத்தில் வைத்த பெயர், விஷயம் இதேதான்.

(தமிழ் எழுத்தில் ஸ்பானிஷ் உச்சரிப்பு வராது என்று பின்னூட்டத்தில் பாடம் எடுக்க வருபவர்களுக்கு: தெரியும். காதால் கேட்டுப் பழகுங்கள் என்றுதான் நானும் சொல்வேன்.)

பி2 என்ற மேல்-இடைநிலை ஸ்பானிஷ் தேர்வுக்கு நான் படித்த வகுப்பில் ஒரு கட்டுரை. ‘தெரிந்திருந்தால் வந்திருப்பேன்’ என்பதற்கு ‘சி லோ உபியேரா சபீதோ, உபியேரா பெனீதோ’ என்று எழுதியிருந்தேன் (‘சி’ என்றால் ‘-ஆல்’, உபியேரா அதே அபேரின் இன்னொரு வடிவம்). ஆசிரியர் இரண்டாவது உபியேராவைச் சிவப்பு மையால் அடித்து, மேலே அப்ரீயா என்று எழுதி, மார்க்கைக் குறைத்துவிட்டார். இந்த இடத்தில் அப்ரீயாவும் சரி, உபியேராவும் சரி என்று ஸ்பானிஷ் மொழிக்கான ரியல் அகாதெமியாவே சொல்கிறது. போனில் அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “பரீட்சைக்கு இது போதும்மா, ரொம்பத் தோண்டாதே” என்றார். உண்மையில் தப்பு எது என்றால் ‘சி’ போட்ட பாதியில் அப்ரீயா வைப்பது. வட ஸ்பெயினில் பாஸ்க் பக்கம் பேச்சில் அப்படி வரும். தேர்வில் எழுதினால் மார்க் போகும். அதை அவர் ஒரு நாளும் சொல்லித்தரவில்லை. நான் திமிராகப் பேசினேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும், மரியாதையாகத்தான் கேட்டேன்.

இத்தனைக்கும் ஃபீஸில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. ‘ஸ்டடி மெட்டீரியல்’ என்று தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு, பாதி எழுத்து விழாத ஜெராக்ஸ் கட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். ரசீது கேட்டால் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றே கோர்ஸ் முடிந்துபோனது.