வேகாத அரிசியை மெல்லத் தோன்றுகிறதா?

அம்மா, குமரி மாவட்டக் குலசேகரத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தில் ரேஷன் அரிசி, பாமாயில், தேங்காய், மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு), பிள்ளைகளுக்கு வாங்கித்தர முடியாத சத்துபானம் என்று ஏழெட்டுக் கவலைகள் இருக்கின்றன. என்னை நிறுத்தியது கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக்கு மேலே இருந்த இரண்டு வரி: "உலைக்கு அரிசி களையும்போதெல்லாம் ஒரு பிடி வாயில் போட்டு மெல்லுகிறேன். மகள் பார்த்துச் சிரிக்கிறாள், ஆனாலும் விட முடியவில்லை."

இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை பெய்யும் என்று பெண்பிள்ளைகளை அதட்டுவது நம் வீடுகளில் வழக்கம். அரிசி தின்றால் சோகை பிடிக்கும் என்றும் பாட்டிமார் சொல்வார்கள். அவர்கள் கண்டது சரி. காரணத்தைத்தான் மாற்றிப் பிடித்துவிட்டார்கள். சோகை இருப்பதால்தான் அரிசி தின்னத் தோன்றுகிறது. உடம்பில் இரும்புச்சத்து வற்றியவர்களுக்கு அரிசி, சாம்பல், சிலேட்டுக்குச்சி, ஐஸ்கட்டி என்று எதையாவது மென்றுகொண்டே இருக்க வேண்டும் போலிருக்கும்.

உங்கள் வயது 36. மாதவிலக்கு எட்டு நாள் நீள்கிறது, முதல் மூன்று நாள் இரண்டு மணிக்கொரு முறை துணி மாற்றுகிறீர்கள். ரப்பர்பால் வாளியோடு மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது. சீப்பில் முடி கொத்தாக வருகிறது. இவற்றை நான்கு பக்கங்களில் நான்கு நோய்களாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இவை ஒரே நோயாகத்தான் தெரிகின்றன. "ஏழைச் சாப்பாடு என்னை இப்படி ஆக்கிவிட்டது, பிள்ளைகளையும் ஆக்கிவிடுமோ" என்பதுதானே உங்கள் பயம்? உங்கள் அடுக்களையை நான் குறை சொல்லமாட்டேன். மாதாமாதம் போகிற ரத்தத்தை எந்தச் சாப்பாட்டாலும் ஈடுகட்ட முடியாத நிலைக்கு நீங்கள் வந்திருக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன்.

ஆகவே இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஹீமோகுளோபின் பாருங்கள். காசு கிடையாது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை, 8-க்குக் கீழே என்றால் கடுமையானது. மாதவிலக்கைப் பற்றி அங்கே வாய்திறந்து சொல்லுங்கள். கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறதா, தைராய்டு குறையா என்று பார்க்க வேண்டிவரும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு படபடத்தாலோ, கால் வீங்கினாலோ, இரும்பு மாத்திரை தொடங்கும் முன்பே மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, அன்றைக்கே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மலத்தின் நிறத்தை நான் கேட்பதற்குக் காரணம், இடுப்பு வலிக்கென்று மருந்துக்கடையில் நீங்களாகவே வாங்கி விழுங்கும் மாத்திரை. சில வலி மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கி, உள்ளேயே ரத்தம் கசிய வைக்கும். அதோடு "கேஸ் மாத்திரை" வேறு. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் அந்த மாத்திரை, சாப்பாட்டில் இருக்கும் கொஞ்ச இரும்பையும் உடம்பு சரியாக எடுத்துக்கொள்ள விடாது. சீட்டு இல்லாமல் மாத்திரை வாங்குவதை இன்றோடு நிறுத்துங்கள். இதைக் கெஞ்சியும் சொல்வேன், கோபமாகவும் சொல்வேன்.

ரேஷன் அரிசியில் "பிளாஸ்டிக் அரிசி" கலக்கிறார்கள் என்று ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, மஞ்சளாகத் தெரிகிற மணிகளையும் தண்ணீரில் மிதக்கிற மணிகளையும் பொறுக்கி எறிகிறீர்கள். அதைப் படித்தபோது மனம் பொறுக்கவில்லை. அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசிமாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 வைட்டமின் சேர்த்து மணியாகச் செய்து, நூறு கிலோவுக்கு ஒரு கிலோ வீதம் கலந்தது. உடம்பு இரும்புக்கு ஏங்கி அரிசியை மெல்ல வைக்கிறது. நீங்களோ இரும்பு சேர்த்த மணிகளைப் பார்த்துப் பார்த்து எறிகிறீர்கள். அந்த மணிகள் மட்டுமே உங்கள் சோகையைத் தீர்த்துவிடாது. ஆனாலும் எறிய வேண்டாம், அரிசியை ஏழு தண்ணீரில் களையவும் வேண்டாம்.

பீட்ரூட் சாறு ரத்தம் ஊறவைக்கும் என்பதும் அதே வகை வீடியோதான். நூறு கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம் இரும்புகூடத் தேறாது. சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் சிவப்பு மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இருக்கிறது. மாத்திரையைச் சாயாவோடு விழுங்காதீர்கள். எலுமிச்சை நீரோடு போடுங்கள். குமட்டினால் சாப்பாட்டுக்குப் பின் போடுங்கள். மலம் கறுக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். அரிசி ஆசை சீக்கிரமே அடங்கிவிடும், அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் போட்டால்தான் உடம்பில் இருப்பு சேரும்.

இனி சாப்பாடு. "மீன் வாங்குகிற நாளில் துண்டு அவருக்கும் பிள்ளைகளுக்கும், எனக்குச் சட்டியில் ஒட்டிய குழம்பு போதும்" என்று எழுதியிருக்கிறீர்கள். போதாது அம்மா. மாதாமாதம் ரத்தம் இழப்பது அந்த வீட்டில் நீங்களும் மகளும்தான். மீனில் இருக்கும் இரும்பு உடம்பில் எளிதில் சேரும். கூடச் சாப்பிடுகிற பயறு, கீரையில் உள்ள இரும்பையும் சேரவைக்கும். குழம்பில் அது கரைந்து வந்துவிடாது. நெய்மீன் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. சாளையும் (மத்தி) நெத்திலியும் விலை குறைவு, சத்து குறைவில்லை. முள்ளோடு மென்றால் சுண்ணாம்புச்சத்தும் கிடைக்கும். பழைய மீனோ என்ற பயமா? செவுள் சிவந்து, கண் தெளிந்து, விரலால் அமுக்கினால் குழி விழாத மீனாகப் பார்த்து வாங்குங்கள்.

மரச்சீனி கெடுதல் இல்லை. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி வராமல் போனபோது, நம் குமரியையும் சேர்த்துத் திருவிதாங்கூரைப் பட்டினியிலிருந்து காத்தது இந்தக் கிழங்குதான். ஆனால் அதில் புரதம் மிகக் குறைவு. கிழங்கும் மிளகாய்த் துவையலுமாக இரவுச் சாப்பாட்டை முடிக்காதீர்கள். கிழங்கோடு சாளைக்கறி என்று நம் ஊர் சேர்த்ததற்கு நல்ல அர்த்தம் இருக்கிறது: கிழங்கில் சிறிதளவு இருக்கும் சயனைடை உடம்பு முறிக்க, மீன் புரதத்தில் உள்ள கந்தகம் தேவை. நிறையத் தண்ணீரில் திறந்து வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுங்கள்.

கஷ்டமான காலம் ஜூனும் ஜூலையும். மழையில் ரப்பர் வெட்டு நிற்கும். மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுத் தடை இருப்பதால் மீன் விலையும் ஏறும். வருமானமும் மீனும் ஒன்றாகக் குறைகிற அந்த இரண்டு மாதத்துக்காக, இப்போதே காணமும் (கொள்ளு) சிறுபயறும் இரண்டிரண்டு கிலோ வாங்கி உலர்த்தி வையுங்கள். இரண்டிலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம். ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பை ஒரு மாதமும் விட்டுவிடாதீர்கள். கஞ்சியும் பயறும் ஏழைச் சாப்பாடு என்று நாத்தனார் சொன்னால் சொல்லட்டும். அதோடு ஒரு நெல்லிக்காயைக் கடித்துக்கொண்டால் பயறில் உள்ள இரும்பு கூடுதலாகச் சேரும். கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்) மட்டும் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து.

தேங்காய் நான்கு பேருக்கு அரைமுறி போட்டால் ஒன்றும் ஆகாது. பாமாயில் மாதம் ஒரு லிட்டருக்குள் இருக்கட்டும், பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டாம். சத்துபான டின்னில் பெரும்பகுதி சர்க்கரையும் மால்ட்டும்தான். அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள். நான்காம் வகுப்பு மகனுக்கு அரசுப் பள்ளியிலேயே காலை உணவும் மதிய உணவும் முட்டையும் கிடைக்கின்றன. அவனைப் பற்றிய கவலையை விடுங்கள்.

மகளைப் பற்றி விடமாட்டேன். ஒன்பதாம் வகுப்பு, பூப்பெய்தி இரண்டு வருடம், வகுப்பில் தூங்கி விழுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பள்ளியில் வாராவாரம் தரும் நீல மாத்திரையை அவள் புத்தகப்பைக்குள் சேர்த்து வைத்திருக்கிறாள். வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டியிருக்கும். மதியம் சாப்பிட்டபின் போடச் சொல்லுங்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. பரிசோதனைக்குப் போகும்போது அவளையும் அழைத்துப் போங்கள்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். விடியற்காலையில் சிரட்டையில் வடிந்த ரப்பர்பால் எடுக்கத் தோட்டத்துக்கு வெறுங்காலோடுதான் போகிறீர்களா? ஈரமண்ணில் இருக்கும் கொக்கிப்புழு பாதத்தோல் வழியாகவே உள்ளே போய், குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். குடற்புழு மாத்திரையும் கேட்டு வாங்குங்கள், வீட்டில் எல்லாருக்கும். உங்களுக்கும் மகளுக்கும் ஆளுக்கொரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கிய பிறகு, சீட்டில் எழுதியிருக்கும் ஹீமோகுளோபின் அளவை எனக்கு எழுதுங்கள்.