கேள்வி – பதில்: மாஸ்ட் செல்லுக்கு ரஷ்ய மொழியில் என்ன?

கேள்வி: என் அக்கா மகள் ரஷ்யாவில் மருத்துவம் படிக்கிறாள். வகுப்பு ஆங்கிலத்தில், ஆஸ்பத்திரியில் நோயாளியோடு பேசுவது ரஷ்ய மொழியில். இம்யூனாலஜி (நோய் எதிர்ப்புச் சக்தி பற்றிய படிப்பு) குறிப்புகளை அகராதி வைத்துச் சொல்லுக்குச் சொல் மாற்றி எழுதி வைத்துக்கொள்கிறாள். இது சரிப்படுமா?

பதில்: பாதி சரிப்படும், மீதி காலை வாரிவிடும். அலர்ஜியில் பெரிய பங்கு வகிக்கும் மாஸ்ட் செல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில அகராதியில் மாஸ்ட் என்றால் பாய்மரம். அதற்கான ரஷ்யச் சொல்லைப் போட்டு எழுதினால் வார்டே சிரிக்கும். பெயர் வைத்தவர் ஜெர்மன் விஞ்ஞானி பால் எர்லிக். செல்லுக்குள் குருணை குருணையாக அடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, தின்று கொழுத்தது என்ற பொருளில் வைத்தார். ஆங்கிலம் ஜெர்மன் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டது, ரஷ்யர்களோ பொருளைப் பிடித்து 'தூச்னியே கிலெத்கி' என்றார்கள், அதாவது குண்டு செல்கள். ரஷ்ய இம்யூனாலஜி ஆங்கிலத்தைப் பார்த்து எழுதியதில்லை, அதற்குச் சொந்தப் பரம்பரை உண்டு. 1908 நோபல் பரிசை எர்லிக்கோடு பகிர்ந்துகொண்டவரே ரஷ்ய விஞ்ஞானி இல்யா மெச்னிகோவ்தானே.

எலும்பு மஜ்ஜை 'கோஸ்னி மோஸ்க்'. மூளைக்கும் அதே மோஸ்க்தான், பயப்பட வேண்டாம். ஆனால் டி-ஹெல்பர், டி-கில்லர் என்ற இரண்டு வகை வெள்ளணுக்களின் பெயர்களையும் ஆங்கிலத்திலிருந்து அப்படியே வாங்கிக்கொண்டார்கள், அங்கே மொழிபெயர்க்கப் போனால் வீண் வேலை. அப்புறம், ஆராய்ச்சிக் கட்டுரைகளில் எலிகளை 'சேலஞ்ச்' செய்தோம் என்று வரும். சவால் விட்டார்கள் என்று எழுதிவிடக் கூடாது, தடுப்பூசி போட்ட எலிக்கு வேண்டுமென்றே கிருமியை ஏற்றிப் பார்த்தார்கள் என்றுதான் பொருள். தொற்ற வைத்தோம் என்று ரஷ்ய மொழியில் நேரடியாக எழுதினால் போதும்.

என் யோசனை: அகராதியை மூடிவிட்டு விக்கிப்பீடியாவில் ஆங்கிலக் கட்டுரையைத் திறந்து, மொழிப் பட்டியலில் ரஷ்யனைத் தட்டச் சொல்லுங்கள். அங்குள்ள டாக்டர்கள் சொல்லும் பெயர் பெரும்பாலும் தலைப்பிலேயே இருக்கும். அதை ஒரு ரஷ்யப் பாடப்புத்தகத்தில் சரிபார்த்துக்கொண்டால் தீர்ந்தது.

கேள்வி: சுருக்கப் பெயர்களையாவது அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: அதுதான் இன்னும் மோசம். எச்ஐவி அங்கே 'விச்', எய்ட்ஸ் 'ஸ்பீட்', டிஎன்ஏ 'டெ-என்-கா', ரத்தத்தில் ஆன்டிபாடி போன்றவற்றைக் கண்டுபிடிக்கும் எலிசா பரிசோதனை 'இ-எஃப்-ஆ'. டிஎன்எஃப் (ட்யூமர் நெக்ரோசிஸ் ஃபேக்டர் என்ற புரதம்) 'எஃப்-என்-ஓ' ஆகிவிடும், ஏனென்றால் ரஷ்ய மொழியில் 'காரணி' என்ற சொல் முன்னால் வந்துவிடுகிறது. செல்லின் மேலுள்ள புரதங்களுக்கு வைத்த சிடி4 மாதிரியான எண் பெயர்கள் மட்டும் லத்தீன் எழுத்திலேயே தப்பித்துவிடும். லேப் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும் முன்னாலேயே இந்தப் பட்டியலைத் தனியாக எழுதிப் பழகிக்கொள்ளட்டும்.